சிவப்பு இல்லை

அக்காவின் முகத்துக்கு மூன்று கிரீம்கள். காலைக்கு ஒன்று, மாலைக்கு ஒன்று, கண்ணுக்குக் கீழே தடவுவதற்குப் பொத்தான் அளவு டப்பாவில் ஒன்று. இடுப்புக்குக் கீழே உணர்வே இல்லாமல் போய் ஏழு மாதம் ஆகியும் அவள் ஒரு நாள்கூட அவற்றைத் தவறவிட்டதில்லை. கைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. கட்டிலில் சாய்ந்துகொண்டு, கைக்கண்ணாடியைத் தலையணைமேல் நிறுத்தி, நெற்றியிலிருந்து கழுத்துவரை அவளே தடவிக்கொள்வாள்.

"யாருக்காகக்கா இதெல்லாம்?" என்று ஒரு தடவை கேட்டேன்.

"உனக்காகத்தான். நாள் முழுக்க இந்த மூஞ்சியத்தானே பாக்கப்போற. பயந்துடக்கூடாதுல்ல."

அக்கா எட்டு வருடம் பார்லரில் வேலை பார்த்தவள். அங்கே முகத்துக்கு ஃபேஷியல் செய்ய வேறு பெண்கள் இருந்தார்கள். அக்காவின் நாற்காலிக்கு வந்தவர்கள் கறுத்த முழங்கையையும், கழுத்தின் பின்பக்கத்தையும், வெடித்த குதிகாலையும் கொண்டுவந்தார்கள். "மூஞ்சியக் கவனிக்க ஊரே இருக்கு. முழங்கை அனாதைடி. அதுக்கு என்னை விட்டா ஆள் இல்ல" என்பாள். வெந்நீரில் நனைத்த துண்டைப் போட்டு ஊறவைத்து, பிறகு வெள்ளை கிரீமை வைத்து, பத்து நிமிடம் வட்டம் வட்டமாகத் தேய்ப்பாள். தொடங்கும் முன் எல்லோரிடமும் ஒரே வார்த்தைதான்: "வலிச்சா சொல்லுங்க, நிறுத்திடறேன்." பள்ளி விட்டதும் நான் அங்கே போய் மூலையில் உட்கார்ந்திருப்பேன். அந்த வார்த்தையை எத்தனை தடவை கேட்டிருப்பேனோ.

பார்லர் மாடியில் இருந்தது. ஒரு நாள் ஈரத்துண்டுகள் நிறைந்த கூடையை மார்போடு அணைத்துக்கொண்டு அக்கா படி இறங்கினாள். கூடை படியை மறைத்துவிட்டது. பதினோரு படிகள். கீழே துண்டுகளின்மேல்தான் கிடந்தாளாம். முகத்தில் ஒரு கீறல்கூட இல்லை. முதுகெலும்பு மட்டும் போய்விட்டது.

அம்மா பிஸ்கட் கம்பெனியில் பெட்டி கட்டும் பிரிவில் இருக்கிறாள். காலை ஆறு மணிக்குப் போனால் திரும்ப ஏழாகிவிடும். அப்பா இல்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் அம்மா, "யாராவது ஒருத்தர் வீட்ல இருக்கணுமே…" என்று ஆரம்பித்தபோதே நான் "நான் இருக்கேம்மா" என்றேன். அம்மா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். அக்காவுக்காகப் படிப்பை விட்ட பெண் என்று அக்கம்பக்கத்தில் இன்றும் என்னைப் பற்றிப் பெருமையாகப் பேசுகிறார்கள். நான் மறுத்ததில்லை. வகுப்பில் எழுந்து வாசிக்கச் சொன்னால் என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். மற்ற பெண்கள் ஊமைக்கோட்டான் என்று கூப்பிடுவார்கள். ஒன்பதாம் வகுப்புச் சீருடையை மடித்து அலமாரியின் அடித்தட்டில் வைத்த காலையில் நான் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

அக்காவும் என்னைக் கோட்டான் என்றுதான் கூப்பிடுவாள். அவள் வாயிலிருந்து வந்தால் அது வலிப்பதில்லை.

பதினைந்து நாளுக்கு ஒரு முறை நர்ஸம்மா வீட்டுக்கு வருவார். பெரிய கறுப்புப் பை, சத்தமில்லாத செருப்பு. வந்ததும் அக்காவைப் புரட்டிப் பார்த்து, சிறுநீர்க் குழாயை மாற்றி, எங்கள் வீட்டுச் சமையலைக் குறை சொல்லிவிட்டுப் போவார். அன்றைக்குப் பையைக் கீழே வைக்காமலே பேச ஆரம்பித்தார்.

"மறுவாழ்வு மையத்துல இருந்து கடிதம் வந்தாச்சு. அடுத்த மாசம் ஒண்ணாந்தேதி ஒரு கட்டில் காலியாகுது. அது உனக்குத்தான்."

அக்கா கையிலிருந்த கண்ணாடியைக் கவிழ்த்து வைத்தாள். அந்த இடத்துக்காகத்தான் அவள் ஏழு மாதமும் காத்திருந்தாள். மூன்று மாதம் அங்கே தங்கினால், கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்குத் தானே மாறவும், தானே குளிக்கவும், பஸ்ஸில் ஏறவும் பழக்கிவிடுவார்கள். பார்லர் மேடம் இப்போது தரைத்தளத்தில் கடை எடுத்திருந்தார். நீ உட்கார மட்டும் கத்துக்கிட்டு வா, உன் இடம் உனக்குத்தான் என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

"ஒரே ஒரு நிபந்தனை" என்றார் நர்ஸம்மா. "தோல்ல எங்கயும் புண் இருக்கக்கூடாது. போய் இறங்கினதும் புரட்டிப் பாப்பாங்க. இருந்துச்சுன்னா அதே வண்டியில திருப்பி அனுப்பிடுவாங்க. கட்டில் அடுத்த ஆளுக்குப் போயிடும்."

"மாடு வாங்கறவன்கூடப் பல்லத்தான் பாப்பான். இவங்க பின்பக்கத்தப் பாப்பாங்களாமா?"

"வாயக் குறை. நீ படுத்தே கிடக்கற. எலும்பு மெத்தையில அழுத்தற இடமெல்லாம் உனக்கு எதிரி. வலிக்காது, அதனால உனக்குத் தெரியவும் தெரியாது. இவதான் உனக்குக் கண்ணு." என் பக்கம் திரும்பி ஒரு தாளை நீட்டினார். "ரெண்டு வேளையும் பாரு. பாத்து நோட்டுல எழுது. சந்தேகம்னா கீழ என் நம்பர் இருக்கு, உடனே ஃபோன் பண்ணு. சரியா?"

தலையாட்டினேன்.

"வாயத் திறந்து சொல்ல மாட்டியா?"

"அவளுக்கு வாய் வாடகைக்கு விட்டிருக்கு நர்ஸம்மா" என்றாள் அக்கா.

தாளில் ஓர் உடம்பு குப்புறப் படுத்திருந்தது. வெறும் கோட்டு ஓவியம். பின்னந்தலை, காதுமடலின் பின்பக்கம், தோள்பட்டை எலும்பு, முழங்கை, முதுகு முடியும் வால் எலும்பு, இடுப்பு, முழங்கால்களின் உள்பக்கம், கணுக்கால், குதிகால் எல்லாவற்றிலும் பெருக்கல் குறி. பக்கத்தில் கட்டம் கட்டி, "சிவந்திருக்கிறதா?" என்று அச்சடித்திருந்தது.

காலையில் துடைத்துவிட்டதும் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை. அக்காவை ஒருக்களித்துப் படுக்கவைத்து, முதுகுக்குத் தலையணை முட்டுக்கொடுத்து, பெருக்கல் குறிகளை ஒவ்வொன்றாகப் பார்ப்பேன். கால்விரல் இடுக்குகளைத் துணி நுனியால் ஈரம் போகத் துடைப்பேன். கூடப் பிறந்து பதினைந்து வருடமாகியும் அக்காவின் காதுக்குப் பின்னால் ஒரு மச்சம் இருப்பது எனக்குத் தெரிந்திருக்கவில்லை. அவளுக்குமே தெரியவில்லை. "அடப்பாவி, இவ்ளோ நாளா ஒளிஞ்சிருந்துச்சா?" என்று ஆச்சரியப்பட்டாள். வால் எலும்பு வரும்போது மட்டும் எனக்குக் கூச்சம். சட்டென்று பார்த்துவிட்டுத் துணியை மூடிவிடுவேன். "என்ன, நிலா உதிச்சிருக்கா?" என்று அக்கா சிரிப்பாள். அவளுக்கும் கூச்சம்தான். அதனால்தான் சிரிப்பாள்.

நோட்டின் முன்பக்கத்திலிருந்து தோலைப் பற்றி எழுதினேன். ஒவ்வோர் இடத்துக்கும் எதிரே "சிவப்பு இல்லை." அதே நோட்டைத் தலைகீழாகத் திருப்பி, கடைசிப் பக்கத்திலிருந்து வேறு விஷயங்களை எழுதினேன். அது யாருக்கும் தெரியாது.

மூன்றாம் நாள் காலை, வால் எலும்பின்மேல் நாணயம் அளவுக்கு ஒரு கறுப்பு தெரிந்தது. சிவப்பு இல்லை. வெறும் கறுப்பு. எங்கள் தோல் கறுப்பு, அது இன்னும் கொஞ்சம் கூடுதல் கறுப்பு, அவ்வளவுதான். விரலால் தொட்டேன். அந்த இடம் மட்டும் கொஞ்சம் கெட்டியாக இருந்தது.

"என்னடி சத்தத்தயே காணோம்?"

"கறுப்பா ஒண்ணு இருக்குக்கா."

"ஃபோன்ல புடிச்சுக் காட்டு."

காட்டினேன். இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினாள். கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். பார்லரில் ஒரு கழுத்தைப் பார்ப்பதுபோலவே பார்த்தாள். அந்த முகத்தை நான் ஏழு மாதமாகப் பார்த்திருக்கவில்லை.

"தாள்ல என்ன போட்டிருக்கு?"

"சிவப்பு."

"இது சிவப்பா?"

"இல்ல."

"அப்புறம் என்ன? இது முழங்கைக் கேஸுடி. ஊனி ஊனி முழங்கை கறுக்கும்ல, அதே மாதிரி படுத்துப் படுத்துக் கறுத்திருக்கு. எட்டு வருஷமா இதத்தானே எடுத்துக்கிட்டிருந்தேன்."

"சூடா இருக்குக்கா, அந்த எடம் மட்டும்."

"மெத்தைச் சூடு." கொஞ்சம் யோசித்தாள். "ஆனா இத இப்படியே விடக்கூடாது. அங்க புரட்டிப் பாக்கறவங்க இதப் பாத்துட்டுப் புண்ணுன்னு சொல்லிட்டா? ஒண்ணாந்தேதிக்குள்ள எடுத்துடணும். அந்தப் பார்லர் வெள்ளை கிரீம் டப்பாவ எடு."

எப்படித் தேய்க்க வேண்டும் என்று தன் முழங்கையிலேயே செய்து காட்டினாள். நடுவிலிருந்து வெளியே, வட்டமாக. நல்லா அழுத்தி, ரத்தம் ஓடற மாதிரி. பத்து நிமிஷம், ஒரு நிமிஷம்கூடக் குறையக்கூடாது.

கிரீமை எடுத்துக்கொண்டு, அக்காவின் பார்லர் குரலிலேயே, "வலிச்சா சொல்லுங்க மேடம், நிறுத்திடறேன்" என்றேன்.

கட்டில் குலுங்க அக்கா சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "சொல்றேன், சொல்றேன். அடுத்த ஜென்மத்துலேர்ந்து தந்தி அடிக்கறேன்." பிறகு, "கோட்டான் ஜோக்கெல்லாம் அடிக்குதே!" என்று அம்மா வந்ததும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

அதன்பின் ஒவ்வொரு நாளும் காலையிலும் மாலையிலும் அந்தப் பத்து நிமிடம். எனக்குக் கூச்சம் போய்விட்டது. என் வாழ்க்கையில் நான் நன்றாகச் செய்கிறேன் என்று யாரும் சொல்லிக் கேட்ட வேலை அது ஒன்றுதான். அக்காவுக்கு என் கை தெரியாது. ஆனால் தோலில் கிரீம் சுழலும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே படுத்திருப்பாள். "சத்தத்துலயே தெரியுது, நல்ல கைடி உனக்கு. பார்லர்ல சேத்துவிடறேன், இரு" என்பாள். மையத்துக்கு எடுத்துப் போக வேண்டியவற்றை வாயால் பட்டியல் போடுவாள். மூன்று கிரீம், கைக்கண்ணாடி, நீல நைட்டி. "பஸ்ல ஏறினதும் முதல் டிக்கெட் உனக்குத்தான் எடுப்பேன்."

அம்மாவும் சந்தோஷமாக இருந்தாள். ஒரு நாள் சாப்பிடும்போது, "இவ அங்க போனதும் நீ ஸ்கூலுக்குப் போயிடு. தலைமை ஆசிரியைகிட்டப் பேசிட்டேன். உன் வகுப்புலயே சேத்துக்கறாங்களாம்" என்றாள். தட்டைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினேன். அதை நோட்டின் பின்பக்கத்தில் எழுதினேன்.

முன்பக்கத்தில்: "பத்து நிமிடம். சிவப்பு இல்லை." அடுத்த நாள்: "பத்து நிமிடம். சிவப்பு இல்லை. கறுப்பு கொஞ்சம் பரவியிருக்கிறது." அதற்கடுத்து: "மெத்தென்று ஆகியிருக்கிறது." அக்காவிடம் படம் காட்டினால், "அழுக்கு மேல வந்துதான் கழலும். எல்லாருக்கும் அப்படித்தான்" என்பாள். கறுப்பு இப்போது மை கொட்டியதுபோல ஊதாவாக மாறியிருந்தது.

ஆறாவது நாள் மதியம் அக்கா தூங்கியபோது நான் சமையலறைக்குப் போய், தாளின் கீழே இருந்த நம்பருக்கு ஃபோன் செய்தேன். இரண்டு தடவை மணி அடித்தது. "ஹலோ, யாரு?" என்றார் நர்ஸம்மா. பின்னால் ஒரு குழந்தை அழுதது. "ஹலோ? யாருங்க?" என் நாக்கு மேலே போய் ஒட்டிக்கொண்டது. வைத்துவிட்டேன். அவர் திரும்ப அழைப்பாரோ என்று ஃபோனை அணைத்து அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்தேன். அன்று மாலையும் பத்து நிமிடம் தேய்த்தேன்.

நர்ஸம்மா மறுபடி வந்த நாளில் அக்கா சீக்கிரமே எழுந்து கிரீமெல்லாம் தடவித் தயாராக இருந்தாள். அவர் வழக்கம்போல என்னை அதட்டிக்கொண்டே அக்காவைப் புரட்டினார். அவர் கை அப்படியே நின்றுவிட்டது. பிறகு புறங்கையால் அந்த இடத்தைத் தொட்டார். மெதுவாக அழுத்தினார்.

"இது எப்பலேர்ந்து?"

அக்காதான் முகத்தைச் சுவர்ப் பக்கம் வைத்துக்கொண்டே உற்சாகமாகச் சொன்னாள். "அதுவா? படுத்துப் படுத்துக் கறுத்துப்போச்சு நர்ஸம்மா. பன்னெண்டு நாளா கோட்டான் தேய்ச்சுத் தேய்ச்சு எடுத்துக்கிட்டிருக்கா. ரெண்டு வேளையும். இப்ப கொஞ்சம் குறைஞ்சிருக்குமே?"

"தேய்ச்சீங்களா?"

அவர் குரலைக் கேட்டதும் அக்காவின் தோள் இறுகுவதைப் பார்த்தேன்.

"சிவப்பு இல்லையே" என்றேன். எனக்கு வந்தது அது ஒன்றுதான். "சிவப்பே இல்ல நர்ஸம்மா."

அவர் ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார். சுவரில் ஒட்டியிருந்த தாளை எடுத்துப் பார்த்தார். அதிலிருந்த உடம்பு தாளின் நிறத்திலேயே வெள்ளையாக இருந்தது. அவர் தன் மணிக்கட்டைப் பார்த்தார். அவரும் எங்கள் நிறம்தான்.

"நம்ம தோல்ல எங்கேர்ந்துடி சிவப்பு வரும்?" என்றார். யாரிடம் கோபப்படுகிறார் என்று தெரியவில்லை. "கறுக்கும். கெட்டியாகும். சூடாகும். உள்ள சதை நசுங்கிச் செத்துக்கிட்டிருக்கும், மேல கறைதான் தெரியும். அதப் போய்த் தேய்ச்சா, மிச்சம் இருக்கறதும் உள்ளயே கிழிஞ்சு போயிடும். நான் சொல்லியிருக்கணும். தாளக் குடுத்தா போதும்னு நினைச்சுட்டேன்."

நோட்டைக் கேட்டார். கொடுத்தேன். அவர் பின்பக்கத்திலிருந்து திறந்துவிடக் கூடாதே என்று அந்த நேரத்திலும் எனக்குப் பயம். முன்பக்கத்திலிருந்துதான் திறந்தார். விரலை ஒரு வரியில் வைத்தார்.

"முதல் நாளே எழுதியிருக்க. அந்த இடம் மட்டும் சூடு." என்னை நிமிர்ந்து பார்த்தார். "இவ்ளோ அழகா எழுதத் தெரிஞ்சவளுக்கு ஒரு ஃபோன் பண்ணத் தெரியலையாம்மா?"

அக்கா சுவரைப் பார்த்துக்கொண்டே, "அவளச் சொல்லாதீங்க. நான்தான் தேய்க்கச் சொன்னேன்" என்றாள்.

அதிலிருந்து நான்காவது நாள், ஈரத்துணியால் ஒற்றும்போதே தோல் விலகிவிட்டது. உள்ளே என் கட்டைவிரல் போகும் அளவுக்குக் குழி. அக்கா, "ஆச்சா? துடைச்சிட்டியா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியில் இருபது நாள். செத்த சதையை வெட்டி எடுத்தபோது மயக்க மருந்துகூடத் தேவைப்படவில்லை. வீட்டுக்கு அனுப்பும்போது, ஆறு மாதமோ எட்டு மாதமோ, குப்புறத்தான் படுக்க வேண்டும் என்றார்கள்.

ஒண்ணாந்தேதி ஆஸ்பத்திரியிலேயே கழிந்தது. மையத்திலிருந்து வந்த ஃபோனை அக்காவே எடுத்தாள். "ஆமாங்க… தெரியுங்க… பரவாயில்லைங்க. யாரு, சின்னப் பொண்ணா? வரட்டுங்க. நல்லபடியா பாத்துக்குங்க." வைத்துவிட்டாள். அன்று மாலை அவள் கிரீமைக் கேட்கவில்லை. நான் எடுத்துக் கொடுத்தும் வாங்கவில்லை.

அம்மா என்னை வராந்தாவுக்கு இழுத்துப் போனாள். "பாத்துக்கன்னுதானேடி உன்ன விட்டுட்டுப் போனேன்" என்றாள். குழாயடிக்குப் போய் ரொம்ப நேரம் முகம் கழுவினாள். திரும்பி வந்து, "இனி நீ ஸ்கூலுக்குப் போக முடியாது" என்றாள், மன்னிப்புக் கேட்பதுபோல.

அப்போது ஒரு கணம் எனக்கு நெஞ்சு இலேசானது. ஒரே ஒரு கணம்தான். ஆனால் அது நடந்தது. அன்று சமையலறையில் ஃபோனை வைத்தது நாக்கு ஒட்டிக்கொண்டதால்தான் என்று அதுவரை நம்பிக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு எனக்குத் தெரியவில்லை.

இப்போது அக்கா குப்புறப் படுத்திருக்கிறாள். கன்னம் தலையணையில் நசுங்கி, ஒரு கண் பாதி மூடியிருக்கும். அவள் பார்வைக்குத் தரையும், கட்டில் காலும், வந்து போகும் என் கால்களும் மட்டும்தான் தெரியும். நான் இரண்டு வேளையும் பெருக்கல் குறிகளைப் பார்க்கிறேன். புறங்கையால் தொட்டு, சூடா, கெட்டியா என்று பார்க்கிறேன். முட்டி, கன்ன எலும்பு, கால் பெருவிரல் நுனி என்று முன்பக்கத்துக்கும் சேர்த்து நர்ஸம்மா தாளில் குறி போட்டிருக்கிறார். "சிவந்திருக்கிறதா?" என்பதைப் பேனாவால் அடித்திருக்கிறார். எங்களுக்குள் பேச்சு குறைந்துவிட்டது. நானாகப் பேசத் தெரியாதவள். பேச வைக்கிறவள் பேசுவதை நிறுத்திவிட்டாள். முகக் கிரீம் டப்பாக்கள் மூன்றும் அலமாரியில் மூடியோடு இருந்தன.

நேற்று மாலை கட்டிலுக்குக் கீழே துடைத்துக்கொண்டிருந்தேன்.

"ஏய், நில்லு" என்றாள் அக்கா. "அந்தக் கால அசைக்காம இரு."

நின்றேன்.

"என்னடி இது, குதிகால்? வறண்ட ஏரி மாதிரி வெடிச்சுக் கிடக்கு. எத்தனை மாசமா இப்படி?"

எனக்கே தெரியாது. நாள் முழுக்க ஈரத்தில் நிற்கிற கால். நான் அதைப் பார்த்ததே இல்லை.

"வெந்நீர்ல துண்ட நனைச்சு எடுத்துட்டு வா. அந்த வெள்ளை டப்பாவையும்."

அந்த டப்பாவைத் தூக்கி எறிய வேண்டுமென்று எத்தனையோ நாள் நினைத்திருக்கிறேன். எடுத்து வந்தேன். கட்டிலை ஒட்டி ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, அவள் கை எட்டும்படி காலைக் கட்டில் விளிம்பில் வைத்தேன். தலையைத் திருப்ப முடியாமல், இரண்டு கைகளையும் கட்டிலுக்கு வெளியே நீட்டி, துண்டைச் சுற்றி ஊறவைத்தாள். பிறகு கிரீமை எடுத்தாள். எட்டு மாதத்துக்கு மேலாகியும் அவள் விரல்கள் எதையும் மறக்கவில்லை. நடுவிலிருந்து வெளியே, வட்டமாக.

"வலிச்சா சொல்லு, நிறுத்திடறேன்."

சொன்ன பிறகுதான் அந்த வார்த்தை அவள் காதில் விழுந்தது போலிருந்தது. கை ஒரு நொடி தயங்கி, திரும்பச் சுற்றியது. வெடிப்புக்குள் கிரீம் இறங்கி நெருப்பாக எரிந்தது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"வலிக்குதா?"

தலையாட்டினேன்; அவளுக்கு அது தெரியாது.

"வாயத் திறந்து சொல்லுடி." தலையணைக்குள்ளிருந்து வந்த குரல் உடைந்திருந்தது. "நீயாவது சொல்லணும்ல?"

நாக்கு மேலே போய் ஒட்டிக்கொண்டது. நான் அதை இழுத்து எடுத்தேன்.

"வலிக்குதுக்கா."

அவள் கை நின்றது. காலை விடவில்லை.